தொட்டால் வாரண்டி போய்விடுமாம்!

"வெளியில் யாரையும் தொடவிடாதீர்கள்." எலெக்ட்ரிக் கார் வாங்குகிறவர் காதில் ஓதப்படும் மந்திரம் இது. புகை கிடையாது, சத்தம் கிடையாது, இன்ஜின் ஆயில் மாற்றுகிற வேலை கிடையாது என்று ஆயிரம் பெருமை பேசிவிட்டு, சாவியைக் கொடுக்கும்போது இந்த ஒரு வரியையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். மோட்டாரையும் பேட்டரியையும் பற்றி மட்டும் சொன்னால்கூடப் புரிந்துகொள்ளலாம். கோணிக்கொண்ட சக்கரத்தை நிமிர்த்துகிற வேலைக்கும் இதே மந்திரம்தான். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பத்து வருஷமாக வீல் அலைன்மென்ட் பார்க்கிறவர் கை பட்டால் வாரண்டி போய்விடுமாம். இது பொய். யாருடைய கைக்கு வேலை, யாருடைய கைக்கு விலக்கு என்று தீர்மானிக்கிற அதிகாரம் இந்தப் பொய்க்குள் ஒளிந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டும்.

இலக்கியப் பத்திரிகையில் கார் டயருக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கலாம். கார் வைத்திருக்கிறவன் பிரச்சினை மேல்தட்டுப் பிரச்சினை, அதைத் தூக்கிக்கொண்டு இங்கே வருவானேன் என்று தோழர்கள் கேட்கலாம். பின்சீட்டில் உட்காருகிறவன் வேறு, ஸ்டியரிங் பிடிக்கிறவன் வேறு, வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறவன் வேறு. மூன்று பேரையும் 'கார்க்காரன்' என்று ஒரே கூடையில் போடுகிறவர்களுக்கு உழைப்பைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை இருக்கிறது? நான் இரண்டாமவன். மூன்றாமவனுக்காகவும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

திண்டிவனத்தில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிறேன். இரண்டு வருஷமாக ஓட்டுவது எலெக்ட்ரிக் வண்டி. கடன் வண்டி. விழுப்புரம் கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸ், புதுச்சேரி ஜிப்மர், செஞ்சி, மயிலம் என்று தினமும் நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. சென்னை - திருச்சி நெடுஞ்சாலை, பழைய கணக்கில் 45ஆம் எண், நேராகத்தான் போகிறது. விக்கிரவாண்டியில் சுங்கம் வாங்குகிறார்கள், கொடுக்கிறோம். ஆனால் என் வண்டியில் ஏறுகிற சனங்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் குடியிருக்கவில்லை. பிரசவ வலி எடுத்தவளையும், டயாலிசிஸுக்குப் போகிற கிழவரையும் ஏற்றிக்கொள்ள உள்ளே போக வேண்டும். கல்குவாரி லாரிகள் நசுக்கிய சாலை, கரும்பு டிராக்டர்கள் கிழித்த சாலை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையேறியபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டித் தீர்த்தது. அரசூரில் வெள்ளம் நெடுஞ்சாலையையே மூடிப் போக்குவரத்து நின்றது. நெடுஞ்சாலை சீக்கிரம் சரியாகிவிட்டது. ஊருக்குப் போகிற சாலைக்கு அதற்குப் பிறகு ஒட்டுப் போட்டார்கள். ஊரைத் தாண்டிக் காலனிக்குப் போகிற சாலைக்கு எப்போது ஒட்டுப் போட்டார்கள் என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளத்தில் விழுந்து எழுகிற ஒவ்வொரு தடவையும் சக்கரத்தின் கோணம் கொஞ்சம் கொஞ்சமாக விலகுகிறது. ஆகவே வீல் அலைன்மென்ட் எங்களுக்கு ஆடம்பரம் இல்லை. மாட்டுக்கு லாடம் அடிப்பதைப் போன்ற பிழைப்புச் செலவு.

அந்த வேலைதான் என்ன? மேலேயிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்முனை உள்ளே திரும்பியிருக்கிறதா வெளியே விரிந்திருக்கிறதா என்பது டோ. சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருக்கிறதா வெளியே சாய்ந்திருக்கிறதா என்பது கேம்பர். சக்கரம் திரும்புகிற அச்சு முன்னும் பின்னும் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது கேஸ்டர். சாதாரண கார்கள் பலவற்றில் கேம்பரையும் கேஸ்டரையும் அளந்து பார்க்கலாமே தவிர, திருகித் திருத்த வழி இருக்காது. திருத்த முடிவது பெரும்பாலும் முன்சக்கர டோ மட்டும்தான். டை ராடு முனையில் இருக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, ராடைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, அளவு வந்ததும் நட்டை இறுக்க வேண்டும். அதற்கு முன்னால் டயரில் காற்று சரியா, பால் ஜாயின்ட்டில் ஆட்டம் இருக்கிறதா, புஷ் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கத் தெரிய வேண்டும். அதைப் பார்க்காமல் திரையில் பச்சை நிறம் வரவைத்துக் காசு வாங்குவது ஏமாற்று வேலை.

செருப்பு தைக்கிறவர்களுக்கு ஆதியிலிருந்தே தெரிந்த கணக்கு இது. தேய்ந்த செருப்பைத் திருப்பிப் பார்த்து, "நீ உள்பக்கம் அழுத்தி நடக்கிற, முட்டி வலிக்குமே" என்று சொல்கிற பெரியவரை நான் பார்த்திருக்கிறேன். டயரின் ஓரத்தைத் தடவிப் பார்த்து டோ போயிருக்கிறது என்று சொல்கிறவரும் அதே அறிவைத்தான் பயன்படுத்துகிறார். முதலாமவரின் அறிவுக்குச் சாதிப்பெயர் வைத்து ஊருக்கு வெளியே உட்காரவைத்தார்கள். அதே அறிவு ஏ.சி. அறைக்குள் போனதும் 'டெக்னாலஜி' ஆகிவிட்டது.

கணக்கையும் போட்டுவிடுவோம். ஒரு சக்கரம் நேர்க்கோட்டிலிருந்து கால் டிகிரி விலகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டயரின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர்கூட வராது. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்தச் சக்கரம் நாலேகால் மீட்டருக்குமேல் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு போகிறது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். ஒரு நடைக்கு நூற்றெழுபது மீட்டர் தூரம் ரப்பரைத் தார்ச்சாலையில் வைத்துக் குறுக்கே இழுத்ததற்குச் சமம். எலெக்ட்ரிக் காரில் இது இன்னும் மோசம். பேட்டரி தரைக்கு அடியில் படுத்திருப்பதால் அதே அளவு பெட்ரோல் காரைவிட எடை கூடுதல். மிதித்த மாத்திரத்தில் மோட்டார் முழு இழுவையையும் சக்கரத்துக்கு அனுப்பிவிடுகிறது. காலை எடுத்தால் அதே சக்கரம் மோட்டாரைச் சுற்றவைத்துப் பேட்டரிக்குக் கரண்டு திருப்புகிறது. இழுத்தாலும் தடுத்தாலும் அடி வாங்குவது அந்த ரப்பர்தான். டோ விலகினால் டயர் சீக்கிரம் மொட்டையாகும், ஒரு சார்ஜில் ஓடுகிற தூரமும் குறையும். நான்கு டயரின் விலை என் ஒரு மாதத் தவணையைத் தாண்டுகிறது.

போன மழைக்காலத்துக்குப் பிறகு என் வண்டி இடதுபக்கம் இழுக்க ஆரம்பித்தது. முன்டயர் இரண்டும் உள்ஓரத்தில் வழித்துவிட்டதுபோல் இருந்தன. விழுப்புரத்தில் ஒரு பெரிய டயர் கடைக்குப் போனேன். பச்சை நம்பர் பிளேட்டைப் பார்த்ததுமே வாசலில் நின்ற பையன் கையை ஆட்டினான்.

"கரண்டு வண்டியாண்ணா? வேணாம்ணா. ஓனரு திட்டுவாரு. ஷாக் அடிச்சிச்சின்னா யாரு பதில் சொல்றது?"

"இன்னாத்துக்குத் தம்பி ஷாக் அடிக்கப்போவுது? டை ராடுலயா கரண்டு ஓடுது?"

"தெரியலண்ணா. யாரும் சொல்லிக் குடுக்கல."

அவன் சொன்ன கடைசி வார்த்தையை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது கடையில் இரண்டு மடங்கு காசு கேட்டார்கள். எதற்கு என்றால், "எலெக்ட்ரிக்குக்கு மிஷின்ல தனி புரோகிராம் சார்" என்றார் கல்லாவில் இருந்தவர். அப்படி ஒன்றும் கிடையாது. எந்த வண்டியாக இருந்தாலும் பட்டியலில் அதன் பெயரைத் தேடி அழுத்தினால் அதற்குரிய அளவு திரையில் வரும். பெட்ரோல் வண்டிக்கும் அப்படித்தான், என் வண்டிக்கும் அப்படித்தான். தெரியாதவனின் பயத்துக்கு விலைபோடுகிற வியாபாரம் இது. மூன்றாவதாகக் கம்பெனி ஷோரூம். மூன்று நாள் கழித்து வரச் சொன்னார்கள். வண்டி ஒருநாள் நின்றால் எங்களுக்கு அன்றைக்குக் கூலி இல்லை. சாயங்காலம் பில் கொடுத்தார்கள். வேலைக்கு முன்னால் என்ன அளவு இருந்தது, பின்னால் என்ன அளவு வந்தது என்று கேட்டேன். "அதெல்லாம் கஸ்டமருக்குத் தர்றதில்ல சார், சிஸ்டத்துல இருக்கும்." என் வண்டி, என் காசு, என் டயர். அளவு மட்டும் அவர்கள் சிஸ்டத்தில். ஒரு வாரத்தில் வண்டி மறுபடி இழுத்தது.

வேலையை முடித்துக்கொடுத்தது திண்டிவனத்தில் ஒரு சின்னக் கடை. வேலை செய்தவருக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசு இருக்கும். "நியூட்ரல்ல போட்டு பார்க்கிங் பிரேக்க ரிலீஸ் பண்ணுங்கண்ணா. பார்க்குல இருந்தா வண்டி உருளாது. உருட்டலன்னா கேமரா அளவு எடுக்காது" என்றார். குனிந்து அடியில் விரலால் காட்டினார்: "இது பேட்டரிப் பொட்டி. ஜாக்கி இதுல பட்டுச்சின்னா அவ்ளோதான். ஓரத்துல இந்த எடம் இருக்குது பாருங்க, இங்கதான் வெக்கணும்." ஆரஞ்சு நிற வயர் எது, அது போகிற வழி எது என்று காட்டி, நம் வேலை அந்தப் பக்கமே போகாது என்றும் சொன்னார். நான்கு சக்கரத்திலும் தட்டுகளை மாட்டி, வண்டியை முன்னும் பின்னும் உருட்டி அளந்தார். பிறகு இடதுபக்க டை ராடு முனையைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். "இத்த மாத்தாம எத்தினி தடவ அலைன்மென்ட் பண்ணாலும் நிக்காதுண்ணா." பெரிய இடத்தில் பார்க்காமல் விட்டது அதைத்தான். மாற்றி, திருத்தி, முன் அளவும் பின் அளவும் அச்சடித்த தாளைக் கையில் கொடுத்தார்.

"எங்க கத்துக்கினீங்க?" என்று கேட்டேன்.

"போன்ல பாத்துதான்ணா. இங்கிலீஷு புரியாது. கை இன்னா பண்ணுதுன்னு பாப்பேன்."

ஒரே ஒரு இடத்தில் அந்தக் கை நின்றது. ஸ்டியரிங் நேராக இருக்கிறது என்பதை வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் சொல்ல வேண்டும். எல்லா வண்டிக்கும் அது தேவைப்படாது. என் வண்டிக்குத் தேவைப்பட்டது. "அதுக்குக் கம்பெனி டூல் கேக்குதுண்ணா. எங்ககிட்ட இல்ல" என்றார். கையில் வித்தை இருக்கிறது, கண்ணில் கணக்கு இருக்கிறது, சாவி மட்டும் வேறொருவன் இடுப்பில். ஐந்து நிமிஷ வேலைக்காக மறுபடி ஷோரூமுக்குப் போனேன். "வெளியில செஞ்சீங்களா? எழுதி வெச்சிருக்கோம் சார்" என்று மிரட்டினார்கள்.

எதை எழுதிவைத்திருக்கிறார்கள்? இந்த நாட்டில் எழுதிவைத்தது வேறொன்றும் இருக்கிறது. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகள்மீது மொத்தம் ரூ.2,544 கோடி அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும், பழுது கண்டுபிடிக்கிற கருவிகளையும், கையேடுகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் பூட்டிவைத்தார்கள் என்பது குற்றம். பூட்டைத் திற என்று ஆணையம் சொன்னது. வெளியில் வேலை பார்த்தார்கள் என்பதற்காகவே வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றும் சொன்னது. வெளியில் செய்த வேலை தவறாகி, அதனால் வண்டிக்குச் சேதம் வந்தால், அந்தச் சேதத்தின் அளவுக்குத்தான் வாரண்டியை மறுக்கலாம். கம்பெனிகள் சும்மா இருப்பார்களா? மேல்முறையீடு போனார்கள். அபராதத் தொகையைப் பற்றியும் ஆணையத்தின் அதிகாரத்தைப் பற்றியும் வருஷக்கணக்கில் கோர்ட்டில் வாதாடினார்கள். வாதாடட்டும். ஆணை சொன்ன நியாயம் அதனால் செத்துவிடாது.

2022இல் ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' என்று ஒரு குழு போட்டது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாதனங்கள், அவற்றோடு வாகனமும் அதில் சேர்ந்தது. அந்த வருஷக் கடைசியில் ஒரு இணையதளமும் திறந்தார்கள். இணையதளம் திறந்தால் பூட்டு திறந்துவிடுமா? அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து மக்கள் கார் பழுதுபார்க்கும் உரிமையை 2012இல் ஓட்டுப்போட்டுச் சட்டமாக்கினார்கள். கம்பியில்லாமல் வண்டியிலிருந்து கம்பெனிக்குப் போகிற தகவலும் எங்களுக்கு வேண்டும் என்று 2020இல் மறுபடி ஓட்டுப்போட்டார்கள். அங்கேயும் கம்பெனிகள் கோர்ட்டுக்குத்தான் ஓடினார்கள். முதலாளிக்குத் தேசம் கிடையாது, பூட்டு ஒன்றுதான்.

பாதுகாப்பு, பாதுகாப்பு என்று ஒரு சொல்லாடலைக் கட்டியெழுப்பி நம் வாயை அடைக்கப் பார்க்கிறார்கள். ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. எலெக்ட்ரிக் கார் பேட்டரியில் 300 வோல்ட்டுக்கு மேலும் ஓடும். ஆரஞ்சு வயரில் தெரியாமல் கைவைத்தால் உயிர் போகும். ஜாக்கியை இடம் தப்பி வைத்தால் பேட்டரி நசுங்கும். ஆகவே தெரிந்தவர்தான் தொட வேண்டும், சரி. தெரியவைக்க வேண்டியது யார்? ஆபத்து என்றால் கற்றுக்கொடுப்பதுதான் நியாயம். ஆபத்து என்று சொல்லிக் கற்றுக்கொடுக்காமல் விட்டு, பிறகு இவனுக்குத் தெரியாது, தொடக் கூடாது என்று விலக்குவது எந்த ஊர் நியாயம்? படிக்கவிடாமல் வைத்திருந்துவிட்டுப் படிப்பு வராது என்று சொன்ன நியாயம் அது. இந்த நியாயத்தை நமக்கு மூவாயிரம் வருஷமாகத் தெரியும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வாரண்டி மிரட்டலும் தீண்டாமையும் ஒன்று என்று நான் எழுதவில்லை. அப்படி எழுதினால் தீண்டாமையைச் சின்னதாக்குகிற காரியம் ஆகிவிடும். ஷோரூம்காரன் மேல்சாதி மெக்கானிக்கையும்தான் விலக்குகிறான். ஆனால் அந்த விலக்கு யார் தலையில் அதிக பாரமாக இறங்குகிறது என்று பாருங்கள். விழுப்புரம், திண்டிவனம் சாலை ஓரங்களில் நான் பார்த்த கடைகளில் பங்க்சர் ஒட்டுகிறவர்களும், வண்டிக்கு அடியில் கிடக்கிறவர்களும் பெரும்பாலும் நம் பிள்ளைகள். கடை யாருடையது? மிஷின் யாருடையது? கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற வேலைக்கு ஆள் கேட்கிறபோது, "எந்த ஊரு?" என்பதோடு நிறுத்தாமல் "எந்தத் தெரு?" என்றும் கேட்கிறார்களே, அது எதற்கு? டை ராடு திருகுவதற்குத் தெரு எதற்கு? அடியில் கிடக்க ஆள் எடுக்கும்போது அந்தக் கேள்வி வருவதில்லை. கிரீஸ் படிகிற இடத்துக்குத் தெரு பார்ப்பதில்லை, சுத்தமான நாற்காலிக்குத்தான் பார்க்கிறார்கள். இருபது வருஷம் இரும்பு திருகிய மனிதரை, நேற்று லைசென்ஸ் வாங்கிய பையன் "டேய், சீக்கிரம் முடி" என்கிறான். இனி எலெக்ட்ரிக் வண்டி பெருகப் பெருக, இன்ஜின் வேலையும் ஆயில் வேலையும் குறையும். சாலையோர மெக்கானிக்குக்கு மிஞ்சப்போவது டயரும், பிரேக்கும், சஸ்பென்ஷனும், அலைன்மென்ட்டும்தான். அதையும் பூட்டிவிட்டால் அவர் எங்கே போவார்?

தமிழ்நாட்டை எலெக்ட்ரிக் வாகனத் தலைநகரம் ஆக்குகிறோம் என்கிறார்கள். 2019இல் ஒரு கொள்கை, 2023இல் திருத்திய கொள்கை. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வியட்நாம் கம்பெனியின் ஆலையே திறந்தாயிற்று. சந்தோஷம். கட்டுகிற கைக்கு விழா எடுக்கிறீர்கள். ஓடி, அடிபட்டு, கோணிக்கொண்டு வருகிற வண்டியை நிமிர்த்துகிற கையைப் பற்றியும் பேசுங்கள். அரசு ஐ.டி.ஐ.களில் எலெக்ட்ரிக் வாகன மெக்கானிக் படிப்பு வந்திருக்கிறது, நல்லது. எட்டாவதோடு நின்று பத்து வருஷமாக வேலை செய்கிறவர் பகலில் கடையை விட்டு வந்து ஐ.டி.ஐ. பெஞ்சில் உட்கார முடியாது. அவருக்கு ராத்திரி வகுப்பு வேண்டும், தமிழில் வேண்டும், அவர் கையில் இருக்கும் வித்தையைச் சோதித்துச் சான்றிதழ் தர வேண்டும். சான்றிதழ் இல்லை என்று சொல்லித்தானே விலக்குகிறார்கள்.

கடன் பக்கமும் வழி இருக்கிறது. 2023இல் தமிழக அரசு அறிவித்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு முதலீட்டில் 35 விழுக்காடு மானியம், ஒன்றரைக் கோடி ரூபாய் வரை. வட்டியில் 6 விழுக்காடு தள்ளுபடி. லட்சக்கணக்கில் விலையுள்ள அலைன்மென்ட் மிஷினை அந்தத் திண்டிவனத்துத் தம்பி சொந்தமாக வாங்க இது போதும். "பேங்குல செக்யூரிட்டி கேப்பாங்கண்ணா, எங்கப்பாகிட்ட பட்டா வூடு கூட இல்ல" என்றார் அவர். திட்டம் கோட்டையில் பிறக்கிறது, பேங்க் வாசலில் நிற்கிறது. அங்கிருந்து அதைக் கைபிடித்து இழுத்துவர வேண்டியது நம் இயக்கங்களின் வேலை. மேடைக்கு மாலை வாங்குகிற காசில் பாதிக்கு ஒரு விண்ணப்பத்தை ஒழுங்காக எழுதிக் கொடுக்கலாம்.

டிரைவர் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. அலைன்மென்ட் முடிந்ததும் முன் அளவு, பின் அளவு அச்சடித்த தாளைக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் காசை எடுக்காதீர்கள். வாரண்டி போய்விடும் என்று வாயால் சொன்னால், எந்த விதியில் இருக்கிறது, எழுத்தில் கொடு என்று கேளுங்கள். வாயால் மிரட்டுகிறவன் எழுத்தில் கையெழுத்துப் போட மாட்டான். வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வருகிறவரை 'வாங்க, போங்க' என்று பேசுங்கள். நம் உயிர் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறபோது அவர் இறுக்கிய ஒரு நட்டின்மேல் போகிறது.

கம்பெனிகளுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஸ்டியரிங் சென்சாரைச் சரிசெய்கிற கருவியை, அளவுப் பட்டியலை, ஜாக்கி வைக்கிற இடம் காட்டுகிற படத்தை, நியாயமான விலைக்கு, தமிழில், கேட்கிற எல்லா மெக்கானிக்குக்கும் கொடுங்கள். விற்றுவிட்ட வண்டி எங்களுடையது. அதை யார் தொடலாம் என்று நாங்கள் முடிவுசெய்துகொள்கிறோம்.